நாய்க்கும் ஒரு டச்சிங்

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் போட்டோ ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டவர்கள் யாரும் அசிங்கமாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அதே சமயம், அங்கே படம் எடுத்துக்கொண்டவர்கள் யாரும் தங்களைப் போலவே இருந்ததாகவும் சரித்திரம் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஸ்டூடியோக்காரரின் கைதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துவிட்டால் அந்தக் கை சும்மா இருக்காது. பருவைத் தேய்க்கும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை வழிக்கும், வழுக்கையின் ஓரத்தில் நாலு முடியை நட்டு வைக்கும். தொழிலில் இதற்கு டச்சிங் என்று பெயர். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் கேட்டால் செய்வார்கள். இவர் வேண்டாம் என்று கெஞ்சினாலும் செய்வார். அதனால் அவருக்கும் டச்சிங் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போன ஒருவரை, "உங்க போட்டோ கேட்டா உங்க தம்பி போட்டோவக் கொண்டு வந்திருக்கீங்களே" என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடையாள அட்டைப் படம் எடுத்துக் கொடுத்தார். மொத்த வகுப்பும் ஒரே வயிற்றில் பிறந்ததுபோல் இருந்தது. பணி ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என் பக்கத்துல நிக்கற பொண்ணு யாரு?" என்று கேட்டார். அவர் மனைவி அப்போதும் பக்கத்திலேதான் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் அந்தக் கேள்வியை இன்றுவரை மறக்கவில்லை. இத்தனைக்கும் ஸ்டூடியோவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. திட்டிக்கொண்டே வாங்கிப் போகிறவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசையாகப் பார்ப்பார்கள். நாமும் அப்படித்தானே.

அவர் டச்சிங் செய்யும் முறையே தனி. முழு முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய மாட்டார். முழு முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றிவிடும் என்பது அவர் கட்சி. திரை முழுக்க மூக்கு மட்டும் தெரியும்படி பெரிதாக்குவார். மூக்கு முடிந்ததும் கண். கண் முடிந்ததும் காது. இப்படித் துண்டு துண்டாகச் சுத்தம் செய்து முடித்து, கடைசியில்தான் படத்தைச் சிறிதாக்கி முழுசாகப் பார்ப்பார். அப்போது அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

டச்சிங்கின் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, மூக்குக் கண்ணாடி. வருகிறவர்களை உட்கார வைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, எது தெரிகிறது எது தெரியவில்லை என்று கேட்டுக் கேட்டு, உள்ளதை உள்ளபடி பார்க்க வைப்பது அவர் பிழைப்பு. இவருக்கும் அவருக்கும் முடிச்சுப் போட்ட புண்ணியவான் யாரோ. கல்யாணப் படத்தை டச்சிங் தானே உட்கார்ந்து மெருகேற்றினார். மனைவி அதை அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறார். கேட்டால், "அந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. யாரோ ஒரு பொண்ணோட நீங்க நிக்கற படத்த நடுவீட்டுல மாட்டி வெச்சுக்க எனக்கென்ன தலையெழுத்தா" என்பார்.

அப்பேர்ப்பட்ட டச்சிங் ஒருநாள் காலையில் ஸ்டூடியோவைத் திறந்து பெருக்கிவிட்டு, பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூலின் மேல் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது.

உட்கார்ந்திருந்தது என்றால் ஏனோதானோ என்று இல்லை. முதுகு நேராக, தோள்கள் சமமாக, முகவாய் லேசாக உயர்ந்து, பார்வை கேமராவின் மேல். இத்தனை வருஷமாக அவர், "கொஞ்சம் நிமிந்து, தோள இறக்கி, இங்க பாருங்க" என்று தொண்டை வறளக் கத்தியும் ஒரு மனுஷர்கூட இப்படி உட்கார்ந்தது கிடையாது. வழி தெரியாத நாய் ஒன்று கடைக்குள் புகுந்தால் சிலர் துரத்துவார்கள், சிலர் தண்ணீர் வைப்பார்கள். டச்சிங் விளக்கைப் போட்டுப் படம் எடுத்தார். அதற்குப் பிறகுதான் இது யாருடைய நாய், இங்கே எப்படி வந்தது என்ற யோசனையே அவருக்கு வந்தது.

வயதான நாய். பழுப்பு நிறம். முகமெல்லாம் நரை. இடது காது நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்கியது. வலது கண்ணில் பால் ஊற்றியதுபோல் வெண்படலம். மூக்கின் மேல் சிவப்பாக ஒரு தழும்பு, விலாவில் முடி கொட்டிய சொட்டை. வால் நுனி ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கழுத்தில் பட்டை இல்லை. ஆனால் நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. உடம்பில் சோப்பு வாசனைகூட மிச்சம் இருந்தது. யாரோ கண்ணும் கருத்துமாக வளர்த்த நாய் என்று பார்த்தவுடனே தெரிந்தது. டச்சிங் ஒரு பன்னை வாங்கிவந்து நீட்டினார். நாய் பன்னைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது, பிறகு மறுபடி கேமராவைப் பார்த்தது.

டீக்கடையில் விசாரித்தார். சைக்கிள் கடையில் விசாரித்தார். நிலையத்தில் பார்சல் தூக்குகிறவர்களிடம் விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் அவருடைய மச்சினன் வந்து சேர்ந்தான். கூரியர் கம்பெனியில் வீடு வீடாகப் பொருள் கொடுக்கிறவன். போகிற வழியில் மாமாவைப் பார்த்து நாலு வார்த்தை பேசாவிட்டால் அவனுக்குப் பொழுது விடியாது. ஸ்டூலைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, கஸ்டமர் புதுசா இருக்கு" என்றான்.

"தொலைஞ்சு வந்திருக்குடா. டாக்டர்கிட்ட காட்டணும். வண்டிய எடு."

மச்சினன் ஓட்ட, நடுவில் நாய் உட்கார, பின்னால் டச்சிங் நாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, பைக் கிளம்பியது. மூவரில் நாய்தான் கௌரவமாக உட்கார்ந்திருந்தது. சிக்னலில் நின்றபோது பக்கத்துக் காரில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். டச்சிங்குக்குப் பெருமை தாங்கவில்லை. நாய் கிடைத்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் மனுஷருக்கு இவ்வளவு பெருமை.

கால்நடை டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பெண்மணி. தோலுக்கு அடியில் அடையாளச் சில்லு ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று ஒரு கருவியைக் கழுத்தோரம் ஓட்டிப் பார்த்தார். இல்லை. பல்லைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், ஒரு பிஸ்கட்டை நீட்டினார். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"எப்பலேர்ந்து சாப்பிடல?"

"காலையில பன் வெச்சேன் டாக்டர். தொடல."

"கவனமாக் கேளுங்க. கிடைச்ச இடத்த சுத்தி எல்லா இடத்துலயும் போஸ்டர் ஒட்டுங்க. முகம் தெளிவாத் தெரியணும். ஒரு அடையாளத்த மட்டும் போஸ்டர்ல காட்டாதீங்க. யார் வந்து கேட்டாலும் அந்த அடையாளத்தச் சொல்லச் சொல்லுங்க, சொன்னாத்தான் குடுக்கணும். என் நாய்னு சொல்லிட்டு எவன் வேணா வருவான்." டாக்டர் நாயின் தலையைத் தடவினார். "வயசு ரொம்ப ஆயிடுச்சு. ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா இந்த உடம்பு தாங்காது. நான் ஊசி போடலாம், ட்ரிப் ஏத்தலாம். ஆனா இதுக்கு வேண்டியது மருந்து இல்ல. இதோட ஆளு."

 டச்சிங் நாயை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஸ்டூடியோவுக்கு ஓடிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தெரியும். கை தன் வேலையை ஆரம்பித்துவிட்டது.

திரை முழுக்கக் காது. கிழிசல் ஒட்டிக்கொண்டது. திரை முழுக்கக் கண். நல்ல கண்ணைப் பிரதி எடுத்துக் கெட்ட கண்ணின் இடத்தில் பொருத்தியாயிற்று. மூக்குத் தழும்பு மறைந்தது. நரை கறுத்தது. சொட்டையில் முடி முளைத்தது. கடைசியில் சிறிதாக்கிப் பார்த்தார். நல்ல வாலிபத்தில் இருக்கிற நாய் ஒன்று, வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதுபோல் கம்பீரமாக அவரைப் பார்த்தது. அடியில், "கண்டெடுக்கப்பட்டது. பழுப்பு நிற நாய். உரியவர்கள் தொடர்புகொள்ளவும்" என்று எழுதி, தன் போன் நம்பரைப் போட்டு அச்சடித்தார்.

மச்சினன் போஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, நேர்ல பாத்தத விட போட்டோல செம அழகா இருக்கே."

"லைட்டிங்" என்றார் டச்சிங்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசார அப்படித்தான் நம்பினார். மச்சினன் கூரியர் கொடுக்கப் போன இடமெல்லாம் பஸ் நிறுத்தத்திலும் லிஃப்டிலும் சலூன் கதவிலும் ஒட்டித் தள்ளினான். ஸ்டூடியோவின் வாசல் கண்ணாடியில் உள்ளேயும் வெளியேயும் தெரியும்படி பெரிய அளவில் ஒன்றை டச்சிங்கே ஒட்டினார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி, வீட்டுக்குள் நாயைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கேட்டு முடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பெரியவரே, என்ன இப்படி வந்து மாட்டிக்கிட்டீங்க" என்று ஆரம்பித்துப் பேச்சுக் கொடுத்தார். உப்பில்லாமல் கறி வேகவைத்தார். முட்டை வேகவைத்தார். பெரியவர் எதையும் தொடவில்லை. டச்சிங் உள்ளங்கையில் வைத்துக் கெஞ்சினார். பிறகு நாலு காலில் தவழ்ந்து, தட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, நாக்கை நீட்டிச் சாப்பிடுவதுபோல் நடித்தார். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாய் மட்டும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் விடிந்ததிலிருந்து போன் ஓயவில்லை. ஜிம் நடத்துகிறவர் ஒருவர் புதுக் கழுத்துப்பட்டையோடு வந்து, "நம்ம நாய்தான் சார், கண்ண வெச்சே சொல்வேன்" என்றார். டச்சிங் ஸ்டூடியோவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார். ஜிம்காரர் நாயை மேலும் கீழும் பார்த்தார். "இதுவா" என்றார். கழுத்துப்பட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவசர வேலை ஞாபகம் வந்தவராகக் கிளம்பிப் போய்விட்டார். அடுத்து இரண்டு சகோதரிகள் வந்தார்கள். படத்தைப் பார்த்து அழுதுகொண்டே வந்தவர்கள், நாயைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் கோட் போட்ட ஒருவர் வந்தார். அவர்தான் எல்லோருக்கும் மேல்.

"போஸ்டர்ல இருக்கற நாய் எங்க?"

"இதாங்க அது."

"யார்கிட்ட கதை விடறீங்க. அந்த நாய ஒளிச்சு வெச்சிட்டு, தெருவுல போற ஏதோ ஒரு கிழட்டு நாயக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க. நல்ல நாய அமுக்கிக்கலாம்னு பாக்கறீங்களா?"

அவர் அறை அறையாக எட்டிப் பார்த்தார். குளியலறைக் கதவைக்கூடத் திறந்து பார்த்தார். டச்சிங்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மனுஷங்க எல்லாருக்கும் அழகான நாய்தான் வேண்டியிருக்கு, வயசானதுன்னா யாருக்கும் ஆகல, உலகம் கெட்டுப் போச்சு என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே ஸ்டூடியோவுக்குத் திரும்பினார். உலகம் எப்படிக் கெட்டது, யார் கெடுத்தது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. மறுபடி போன் அடித்தது.

சாயங்காலம் மனைவி வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார்: "என்னங்க, பாவம், இன்னொரு நாயும் தொலைஞ்சு போயிருக்கு போல. பஸ் ஸ்டாப்புல போஸ்டர் ஒட்டியிருக்கு, பஸ்ல இருந்தே பாத்தேன். நல்ல சின்ன வயசு நாய். நம்ம பெரியவர மாதிரியே பழுப்பு."

டச்சிங் மெதுவாக நிமிர்ந்தார். "அது நம்ம பெரியவர்தாம்மா."

மனைவி கைப்பையை வைத்துவிட்டு வந்து நாயைப் பார்த்தார். போஸ்டரை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"காது எங்க?"

"டாக்டர்தான் ஒரு அடையாளத்த மறைச்சு வெக்கச் சொன்னாங்க."

"ஒரு அடையாளத்ததான் மறைக்கச் சொன்னாங்க. நீங்க நாயையே மறைச்சிட்டீங்களே."

டச்சிங் விட்டுக்கொடுக்கவில்லை. படம் பளிச்சென்று இருந்தால்தான் ஆட்கள் நின்று பார்ப்பார்கள் என்றார். தொழில் தெரிந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும் என்றார்.  மனைவி நாயின் பக்கத்தில் உட்கார்ந்து விலாவைத் தடவினார். "எலும்பு கைல தட்டுதுங்க. நேத்து இப்படி இல்ல. இதோட ஆளு அந்த போஸ்டரப் பாத்துட்டுத் தாண்டிப் போயிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். டச்சிங்குக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் பிடித்த பிடியை விடாமல் அன்று ராத்திரி முழுக்க முறைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் மனைவி கடைக்கு லீவு சொல்லிவிட்டு நாயின் பக்கத்திலேயே இருந்துவிட்டார். நாய் எழுந்திருக்கவே இல்லை. டச்சிங் ஸ்டூடியோவில் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். புதுப் போஸ்டர் போடலாமா என்று ஒரு மனசு கேட்டது. போட்டால் தோற்றதாகிவிடுமே என்று இன்னொரு மனசு தடுத்தது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவரை ஸ்டூலில் உட்கார வைத்து, நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெண் உள்ளே வந்தார்.

பஸ் ஓட்டுகிறவர் என்று சீருடையே சொன்னது. வாட்டசாட்டமான உடம்பு, கட்டைக் குரல், அழுது அழுது வீங்கிய கண்கள். "காணவில்லைன்னு ஒரு போஸ்டர் போடணும். இப்பவே வேணும்" என்றார். தொலைந்தது என்ன என்று டச்சிங் கேட்பதற்குள், வாசல் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். "இந்த மாதிரிதான். ஆனா இதுக்கென்ன குறைச்சல். எவ்வளவு லட்சணமா இருக்கு. யாரும் வராட்டியும் எடுத்து வளக்க ஆயிரம் பேர் வருவாங்க. என்னோடத யாரு எடுப்பா. துரத்தித்தான் விட்டிருப்பாங்க."

 டச்சிங் அவர் போனை வாங்கிக் கம்ப்யூட்டரில் இணைத்தார். இருட்டான படம். பஸ் படிக்கட்டில், தூரத்தில், ஒரு நாயின் உருவம் மங்கலாகத் தெரிந்தது. பெரிதாக்கினார்.

பஸ் டிரைவர் நின்றபடியே பேசினார். நாய் தினமும் டிப்போவில் அவர் பஸ்ஸில்தான் ஏறுமாம்; டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கடைசிவரை கூடவே வருமாம். பயணிகள் அதற்குக் கண்டக்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்களாம். முந்தாநாள் அவர் பஸ்ஸை வேறு வழித்தடத்துக்குக் கொடுத்துவிட்டு, அவருக்கு வேறொரு பஸ்ஸைக் கொடுத்திருக்கிறார்கள். "அவனுக்கு அது தெரியுமா? பழைய பஸ்ஸப் பாத்து ஏறிட்டான். நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். எந்த ஸ்டாப்புல எறங்கினான்னு யாருக்கும் தெரியல. ஒவ்வொரு ஸ்டாப்பா சல்லடை போட்டுத் தேடிட்டு வரேன்."

டச்சிங் தலையை ஆட்டினார். மனசு பூராவும் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் நாயிடம் இருந்தது. எலும்பு கையில் தட்டுகிறது என்று மனைவி சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கை மட்டும் யாரையும் கேட்காமல் வேலை செய்தது. ஓரம் பிசிறு பிசிறாக இருந்ததை ஒட்டியது. வெளுத்த இடத்தைக் கறுப்பாக்கியது. சிவப்பாக இருந்ததை அழித்தது. எல்லாம் முடிந்து வெளிச்சத்தை ஏற்றிப் படத்தைச் சிறிதாக்கினார்.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க" என்றார் பஸ் டிரைவர். "என் நாய எடுத்துட்டு, அதோ அந்த நாயக் கொண்டாந்து வெச்சிட்டீங்களே."

அவர் விரல் வாசல் கண்ணாடியைக் காட்டியது. டச்சிங் திரையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அதே காது, அதே கண், அதே கம்பீரம். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். தழும்பு திரும்பி வந்தது. நரை வந்தது. கண்ணில் படலம் விழுந்தது. காது கிழிந்து தொங்கியது. அவர் வீட்டு மூலையில் படுத்திருக்கும் பெரியவர், பஸ் படிக்கட்டில் நின்று அவரைப் பார்த்தார்.

"போட்டோல தெரியாத அடையாளம் ஏதாவது சொல்லுங்க" என்றார் டச்சிங். குரல் அவருக்கே கேட்கவில்லை. டாக்டர் சொன்னதை அந்த நிலைமையிலும் மறக்காததற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

"வாலு நுனி எடது பக்கமா கோணியிருக்கும். சின்னதுல கதவுல மாட்டி உடைஞ்சது. ஏன் கேக்கறீங்க?"

 டச்சிங் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். டீக்கடைக்காரர் யாருக்கோ விபத்து என்று நினைத்துக் கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்தார். ஓடிக்கொண்டே டச்சிங் எல்லாவற்றையும் சொன்னார்; மூச்சு வாங்கியதில் பாதி வார்த்தை விழுங்கிப் போயிற்று. காதை ஒட்டியதைச் சொன்னபோது பஸ் டிரைவர் ஒருமுறை நின்று அவரைப் பார்த்த பார்வையில் டச்சிங் பொசுங்கியிருக்க வேண்டும். திட்ட நேரமில்லாததால் மறுபடி ஓடினார்கள். ஸ்டூடியோவுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதர், இதோ வந்து படம் எடுத்துவிடுவார் என்று நினைத்து வெகுநேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாராம். பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டில் பன், முட்டை, கறி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. நாய் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

"கண்டக்டர்" என்று கூப்பிட்டார் பஸ் டிரைவர். அந்தக் கட்டைக் குரல் நூலாக வெளியே வந்தது.

கோணல் வால் தரையில் ஒருதரம் தட்டியது. அவ்வளவுதான். தலை திரும்பவில்லை. டச்சிங்குக்கு உயிர் போய் வந்தது. காலம் கடந்துவிட்டதோ என்று மனைவி முகத்தைப் பார்த்தார்.

"கோவம்" என்றார் பஸ் டிரைவர், கன்னத்தைத் துடைத்துக்கொண்டே. "ஒருநாள் லீவு போட்டு எங்கயாவது போய்ட்டு வந்தாலும் இப்படித்தான், மூஞ்சிய காட்ட மாட்டான். சாப்பிட்டானா?"

"வந்ததுலேர்ந்து ஒரு வாய்கூட இல்லம்மா" என்றார் மனைவி. "நாங்களும் தலையால தண்ணி குடிச்சுப் பாத்துட்டோம். கைல வெச்சுக் கெஞ்சியும் பாத்தாச்சு."

"குடுக்கற நீங்க முதல்ல சாப்பிட்டீங்களா?"

கணவனும் மனைவியும் விழித்தார்கள்.

"ஷிஃப்டு முடிஞ்சு நான் ஒரு வாய் சாப்பிட்ட அப்புறம்தான் அவன் வாய் வெப்பான். முதல்லயே நீட்டினா தொட மாட்டான். யாரும் சொல்லிக் குடுக்கல. அவனா வெச்சுக்கிட்ட சட்டம்." அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நானும் அவன் போனதுலேர்ந்து சாப்பிடல. எறங்கல எனக்கு."

பன்னை எடுத்து ஒரு கடி கடித்தார். அழுகையும் பன்னுமாக மென்றார். "நீ வராட்டி போடா. எல்லாத்தையும் நானே தின்னுடறேன்" என்றார்.

கிழிந்த காது நிமிர்ந்தது. பிறகு தலை திரும்பியது. நாய் எழுந்தது, கால்கள் வெடவெடவென்று நடுங்கின. மெல்ல நடந்துவந்து, முதலில் அவர் வாயை முகர்ந்து பார்த்தது. உண்மையாகவே சாப்பிட்டிருக்கிறாரா என்று சோதித்துவிட்டு, அவர் கையிலிருந்த மிச்சப் பன்னை வாங்கிக்கொண்டது. அப்புறம் முட்டை. அப்புறம் கறி. அவர் ஒரு வாய், அது ஒரு வாய். மனைவி எழுந்து அடுப்படிக்கு ஓடி, இருந்த முட்டையெல்லாம் கொண்டுவந்து வைத்தார். வரும்போதே அழுதுகொண்டு வந்தார், வந்து உட்கார்ந்ததும் சிரித்தார்.

தட்டு பாதி காலியானதும் நாய் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. நேராக டச்சிங்கிடம் நடந்து வந்தது. அவர் பழக்கதோஷத்தில் முட்டைத் துண்டு ஒன்றை எடுத்து அப்படியே நீட்டினார். நாய் முட்டையைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது.

"முதல்ல நீங்க கடிங்க" என்றார் மனைவி.

டச்சிங் ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். இத்தனை நாளாக அவர் காத்திருந்த அந்தச் சொரசொரப்பான நாக்கு, கையில் ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் துடைத்து எடுத்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. நாய் அடுத்த வாய்க்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இன்னொரு முட்டையை எடுத்துக் கடித்தார்.